உஷார்! ஊரை எழுப்புகிற பிள்ளையைத் தேடி வருகிறார்கள்

புயல் கரையைக் கடந்தது என்று டி.வி.யில் சொன்னதும் ஊரே மூச்சு விடுகிறது. தண்ணீர் வடிகிறது, மீட்புப் படகுகள் திரும்புகின்றன, அமைச்சர் வந்து போகிறார். அபாயம் தீர்ந்தது என்று நாம் நினைக்கிற அந்த நாளிலிருந்துதான் உஷாராக இருக்கச் சொல்கிறேன்.

அந்த நாளில் ஊருக்குள் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். பதினெட்டு, இருபது வயசு இருக்கும். தாயையோ தகப்பனையோ கூடப் பிறந்ததையோ பறிகொடுத்த பிள்ளை. பன்னிரண்டாவது முடித்திருக்கும், கையில் போன் இருக்கும், தாசில்தார் முன்னால் நாக்கு ஒட்டாமல் பேசும். அழுது ஓய்ந்த ஊர் மொத்தமும் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். "நீ சொல்லு தம்பி, நீ எழுது பாப்பா, நீ போய்க் கேளு" என்று எல்லாச் சுமையும் அந்தத் தோளுக்குப் போகும். ஊரை மறுபடி எழுப்புவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளை யார் என்று விசாரித்துக்கொண்டு வெளியிலிருந்து ஆட்கள் வருவதும் அதே வாரத்தில்தான். நல்லவர்களும் வருவார்கள், மற்றவர்களும் வருவார்கள். இரண்டு பேர் கையிலும் பிஸ்கட் பாக்கெட்டும் பேப்பரும் இருக்கும்.

நான் இங்கே சொல்வதில் முக்கால்வாசி நாகப்பட்டினத்தில் நடந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. நாகைக் கரையைச் சுனாமி அலை தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அதில் சுமார் 6,000 பேர் நாகை மாவட்டம் ஒன்றிலேயே போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், செருதூர், வேளாங்கண்ணி என்று கரையோரம் முழுக்கச் சாவு. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கடலூர் மாவட்டத்தில் ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்கள் இறந்ததாக 2005-இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது. மீன் வாங்கக் கரையில் நின்றவர்கள், பிள்ளையைத் தேடி வீட்டுக்கு ஓடியவர்கள், நீச்சல் தெரியாதவர்கள்.

மிஞ்சியவர்களில் படித்த இளசுகள் முதலில் செய்த வேலை, பெயர் எழுதியது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதல் பொறி அங்கேதான் இருக்கிறது.

நிவாரணக் கணக்கெடுப்புத் தாளைப் பார்த்திருப்பீர்கள். குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் கார்டு எண், இறந்தவர், காயம்பட்டவர், படகு, வலை, வீடு. கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்துக்குள் வராத ஆளுக்கு நிவாரணம் கிடையாது. அண்ணன் கார்டிலேயே பெயர் இருக்கிற விதவைத் தங்கைக்கு எந்தக் கட்டம்? கரைக்கு வந்து மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கிற அம்மாவுக்குப் படகும் இல்லை வலையும் இல்லை, அவர் போட்ட முதல் அன்னக்கூடையோடு போய்விட்டது, அதை எங்கே எழுதுவது? சுனாமியில் கடலோர மீனவர் ஊர்களின் பட்டியலை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துகள் தயாரித்தன. வேகமாகவும் நடந்தது, பல இடங்களில் நியாயமாகவும் நடந்தது. ஆனால் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடியிருந்த தலித் கூலித் தொழிலாளர்கள், உப்பேறிய வயலில் வேலை போனவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைக்கிற இருளர் குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். மாதக்கணக்கில் நின்றார்கள். பேனா பிடித்திருந்த பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தன் தெருவில் ஆரம்பித்து, தன் தெருவில் முடித்தது, அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, தங்கச்சி, பட்டியலை எழுதி முடித்ததும் கலெக்டர் ஆபீசுக்கு ஓடாதே. ஊர் எல்லையில் ஒரு சுற்று நட. காலனியில், கழிமுகத்தில், ஊருக்கு வெளியே குடிசை போட்டிருப்பவர்களிடம் பட்டியலைச் சத்தமாக வாசித்துக் காட்டு. விடுபட்டவர் தன் வாயால் சொல்லட்டும். இன்றைக்கு ஒருநாள் தாமதமானால் பரவாயில்லை. முதல் பட்டியலில் விழுந்த ஓட்டை வீடு கட்டும் பட்டியல் வரைக்கும் போகும், அங்கே போய் அடைக்க முடியாது.

அடுத்தது கையெழுத்து. இதில் ரொம்ப ரொம்ப உஷார்.

பேரிடர் நடந்த ஊரில் ஒருவர் ஒரு மாதத்தில் போடுகிற கையெழுத்து, வேறு ஊர்க்காரர் வாழ்நாளில் போடாத அளவு. அரிசி வாங்கினால் கையெழுத்து, பாய் வாங்கினால் கையெழுத்து. கை பழகிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நிலம் போகும். 2005 மார்ச் கடைசியில் தமிழ்நாடு அரசு வீடு கட்டித் தரும் கொள்கையை அறிவித்தபோது, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப்போய் புது வீடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய மனையை அரசுக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்றது. போக மறுத்தால் பழைய இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், வீட்டு உதவி வராது. அந்த முடிவின் நியாய அநியாயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். கடல் இன்னொரு தடவை வரும் என்பது உண்மை. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் மீன்பாடு தெரியும், படகுக்கும் காவல் என்பதும் உண்மை. என் கவலை எல்லாம், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கைநாட்டு வைத்த தாத்தாக்களைப் பற்றித்தான். "நம்ம புள்ள கொண்டாந்த பேப்பர்தானே" என்று வைப்பார்கள். பத்து வருஷம் கழித்துப் பழைய மனை யாருடையது என்று கேள்வி வரும்போது, ஊர் திரும்பிப் பார்ப்பது அந்தப் பிள்ளையின் முகத்தை.

எந்தத் தாளானாலும் ஒரு நகல் கையில் வாங்காமல் கையெழுத்துப் போட விடாதே. வெற்றுத்தாள், பூர்த்தி செய்யாத ஃபாரம், "அப்புறம் நிரப்பிக்கலாம்" என்கிற எதுவும் வேண்டவே வேண்டாம். உன் போனில் படம் எடுத்துவைத்துக்கொள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் இருக்கிறது, பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டியது அவர்கள் கடமை. அங்கே போய்க் கேள். அதே 2005 கொள்கையில் ஒரு நல்ல காரியமும் இருந்தது: புது வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவாக வேண்டும் என்றார்கள். புது வீட்டுத் தாள் எங்கே வந்தாலும் அதில் பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில், சென்னையில் இருக்கிற நல்ல மனிதர்கள் "உன் ஜிபே நம்பர் அனுப்பு தம்பி, நேரா உனக்கே போடுறேன்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். வாங்காதே. முதல் வாரம் நீ ஊருக்கு நாயகன், மூன்றாவது மாதம் "அவன் அக்கவுன்ட்ல எவ்வளவு வந்துச்சு தெரியுமா" என்று டீக்கடையில் பேச்சு ஆரம்பிக்கும். கணக்கு சரியாகவே இருந்தாலும் வாய்ப்பேச்சு நிற்காது. வீட்டை இழந்து, ஆளை இழந்து, கடைசியில் நாணயத்தையும் இழந்து ஊரைவிட்டே வெளியேறுகிற நிலைமை அந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது. ஊர்க்குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருவர் பெண். வந்த பணம், போன பணம் இரண்டையும் வாராவாரம் கோயில் வாசலிலோ தேவாலயச் சுவரிலோ பள்ளிவாசல் முகப்பிலோ எழுதி ஒட்டுங்கள்.

வெளியூர்க்காரர்களும் உஷாராக இருக்க வேண்டும். ஊரின் படத்தைப் போட்டு யாரோ ஒரு க்யூஆர் கோடைச் சுற்றில் விடுவது இப்போது நிமிஷ வேலை. 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள முதல்வரின் நிவாரண நிதிக்கே, முறைகேட்டுக்கு இடம் கொடுக்கும் என்று க்யூஆர் கோடு முறையை நிறுத்தினார்கள். மோசம் போனது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், மணி கணக்கில் தாமதித்தால் பணம் திரும்பாது.

வயநாட்டில் இன்னொன்றும் நடந்தது. அந்த ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் மலை இறங்கி வந்து குடும்பங்களோடு தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளான பாடிகளை அடித்துக்கொண்டு போனது. பிழைக்கப் போன தமிழர்களும் அதில் உண்டு. உயிர் தப்பியவர்களுக்கு அவசரச் செலவுக்கென்று அரசு 10,000 ரூபாய் வங்கியில் போட்டது. போட்ட பணத்திலிருந்து பழைய கடனுக்கான மாதத் தவணையை ஒரு வங்கி எடுத்துக்கொண்டுவிட்டது! மாற்றுத்துணி இல்லாமல் முகாமில் உட்கார்ந்திருந்தவர்களின் பணம். இளைஞர் அமைப்புகள் வங்கி வாசலில் போய் நின்று சத்தம் போட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே நிவாரணம் வருமுன்பே எந்தக் கணக்கில் தானாகத் தவணை பிடிக்கிற ஏற்பாடு இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு, வங்கி மேலாளரிடம் எழுத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதியே ஆக வேண்டும். வடசென்னைக் கடற்கரைக் குப்பங்களில் வீடிழந்தவர்களை எர்ணாவூரில் ஒரு சுனாமிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். கடல் தூரமாகிவிட்டது, மீன் ஏலம் எடுக்க ஆட்டோவுக்கே காசு போனது, வேலை இல்லை, வட்டிக் கடன் ஏறியது. 2007 ஜனவரியில் வெளியே வந்த செய்தி நாட்டையே உலுக்கியது: அங்கிருந்த பெண்கள் பலர் கடனை அடைக்கத் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். பேசிய தொகை முழுசாகக் கைக்கு வரவில்லை என்றும் பலர் சொன்னார்கள். உறுப்பு விற்பனை 1994 சட்டப்படி குற்றம், அப்படியும் நடந்தது. அலை அடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது அப்போது. கேமராக்கள் போய், தொண்டு நிறுவனங்கள் போய், ஊரைப் பற்றி யாரும் கேட்காத நேரம். புரோக்கர் வருவது அந்த நேரத்தில்தான். முதலில் கடன் கொடுப்பவனாக வருவான், பிறகு வேலை வாங்கித் தருபவனாக வருவான். வருபவன் அநேகமாக ஏற்கெனவே விற்ற ஒருவரையே கூட அழைத்து வருவான், நம்பிக்கை வர வேண்டுமே. ஊரில் முன்னால் நிற்கிற பிள்ளைகளே, இரண்டாவது வருஷம் யார் வீட்டுக்குப் புது ஆட்கள் வந்து போகிறார்கள் என்று பாருங்கள். எவருக்கு மீட்டர் வட்டிக் கடன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயம் இன்னும் அவசரமானது. 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம், 33 குழந்தைகளை அநாதைகள் என்று சொல்லி எல்லை தாண்டிக் கூட்டிப்போக முயன்ற பத்து அமெரிக்கர்கள் பிடிபட்டார்கள். விசாரித்தால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றவர்கள் உயிரோடு இருந்தார்கள். 2015-இல் நேபாளம் ஆடியபோது, கடத்தலுக்குப் பயந்து அரசே குழந்தைகள் பெரியவர் துணையின்றி மாவட்டம் விட்டு மாவட்டம் போவதற்குத் தடை போட்டது. நாகையில் அன்றைய நிர்வாகம் ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருந்தது: யாரும் வந்து குழந்தையைக் கேட்டுத் தூக்கிப்போக முடியாது என்று அறிவித்து, அரசுக் காப்பகம் திறந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் 5 லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பாகப் போடப்பட்டது. பதினெட்டு முடிந்து இப்படிப்பட்ட தொகை முதிர்கிற மாதத்தில் அதுவரை எட்டிப் பார்க்காத சொந்தம் வாசலில் வந்து நிற்கும். அந்தப் பிள்ளை வங்கிக்குத் தனியாகப் போகாமல் நம்பிக்கையான ஒரு ஆசிரியரோடு போகட்டும்.

"படிக்க வைக்கிறோம், எங்க ஹாஸ்டல்ல வச்சுப் பார்த்துக்குறோம்" என்று வண்டியோடு வருபவரிடம் ஒரே பதில்: குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு எங்கே? இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. யோசிக்காமல் போடுங்கள். அநாதையான குழந்தையின் முகத்தையும் பெயரையும் வீடியோவில் போட்டு உதவி கேட்காதீர்கள். கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதைவிட முக்கியம், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆள்பிடிப்பவன் ஊரைக் கண்டுபிடிக்கிறான்.

சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையில் பதினைந்து, பதினாறு வயசுப் பெண்பிள்ளைகளை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா இறந்துபோனாள், அத்தானுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, தங்கச்சியைக் கட்டிவை என்று. குழந்தை பாவம்தான். அதற்காக இன்னொரு குழந்தையின் படிப்பையும் வாழ்க்கையையும் பலி கொடுப்பதா? நிவாரணக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே பந்தல் போடுகிற பேச்சு எழும்போது ஊரில் ஒரு குரல் எதிர்த்து எழ வேண்டும். பெரும்பாலும் அது ஒரு இளம்பெண்ணின் குரலாகத்தான் இருக்க முடியும், அவளுக்குப் பின்னால் ஆசிரியையும் அங்கன்வாடி அம்மாவும் நிற்க வேண்டும்.

பழந்துணி லாரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாகைச் சாலையோரங்களில் மலை மலையாகக் குவிந்து மழையில் மக்கிய துணியை எல்லோரும் படத்தில் பார்த்தோம். படகுகளும் அப்படித்தான் வந்தன. கட்டுமரம் வைத்திருந்த கரையில், முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் கொடுக்கப்பட்டன, பல தரக்குறைவானவை. கடலில் மீன் கூடவில்லையே. தருவதையெல்லாம் வாங்காமல், வேண்டியதை மட்டும் எழுதிக் கேட்பதற்கு அன்று நாகையில் தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையமே வைக்க வேண்டியிருந்தது. ஊருக்கு ஒரு தேவைப் பட்டியல் இருந்தால் "வேண்டாம்" என்று சொல்ல தைரியம் வரும்.

இவ்வளவு சொல்லியும் எனக்குப் பெரிய பயம் வேறு. அந்தப் பிள்ளையைப் பற்றியது.

காலை ஆறு மணிக்கு எழுந்து லாரிக்கு வழி சொல்லி, மதியம் பட்டியல் எழுதி, இரவு கூட்டத்தில் பேசி, நடுராத்திரி தார் ஷீட் கூரைக்குக் கீழே படுக்கிற பிள்ளை தன் அம்மாவுக்காக எப்போது அழுதது? பல பேர் அழுவதே இல்லை. வேலை இருக்கிறவரை துக்கம் வராது. ஊரே பாராட்டும், "என்ன தைரியம் பாரு" என்பார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, புது வீட்டுச் சாவி கொடுக்கிற விழா முடிந்த இரவில் அது வரும். தூக்கம் போகும். சின்ன விஷயத்துக்குக் கைகலப்பு வரும். சாயங்காலம் ஒரு குவார்ட்டரில் ஆரம்பிக்கும். பெண்பிள்ளை என்றால் சாப்பிடாமல் மூலையில் உட்காரும். "நான் மட்டும் ஏன் மிஞ்சினேன்" என்ற கேள்வியை யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரர்கள் வந்து ஊர்த் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள், எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்று. அந்தத் தொண்டர்களில் பலர் தாங்களே இழந்தவர்கள். இன்றைக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, 104 இருக்கிறது. போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள்.

ஊர்ப் பெரியவர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே பிள்ளையிடம் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். பட்டியலுக்கு ஒருவர், பணத்துக்கு இருவர், அதிகாரிகளிடம் பேச ஒருவர் என்று பிரியுங்கள். வாரத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளையை வேலை செய்யவிடாதீர்கள். பரீட்சை வந்தால் பரீட்சைக்கு அனுப்புங்கள். துக்க நாளில், திதி நாளில், மேடையேற்றிப் பேசச் சொல்லாதீர்கள், வீட்டில் இருக்கவிடுங்கள்.

கூட்டாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு கஜா புயலையே பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல் தஞ்சை, புதுக்கோட்டை வரைக்கும் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள், விடுமுறைக்கு ஊர் வந்த நிமல் ராகவன் போன்றவர்களும் விவசாயிகளும் சேர்ந்து, நிவாரணம் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. கைஃபா என்று அமைப்பு வைத்து, தூர்ந்து கிடந்த பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். தென்னை போனாலும் தண்ணீர் இருந்தால் வயல் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர் நின்றார்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு ஐப்பசியிலும் வரத்தான் போகிறது. ஹைதராபாத்தில் 2007-இல் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, வானிலை மையம் போனுக்கே செய்தி அனுப்புகிறது. பேரிடர் உதவி எண் மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இவ்வளவு இருந்தும் கடைசி அரைக் கிலோமீட்டரை ஊர்தான் கடக்க வேண்டும். 2004-இல் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் அதைச் செய்து காட்டினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றார்கள். ஓடுங்கள் என்று கத்தினார். ஊருக்குத் தகவல் சொல்ல வைத்திருந்த அறிவு மையத்தின் கதவை ஊரார் உடைத்து ஒலிபெருக்கியை எடுத்து எல்லோரையும் கிளப்பினார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் இருந்த ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

கதவை உடைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊர் மைக் செட் இப்போது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது, அதன் பேட்டரி வேலை செய்கிறதா, சாவி எந்த மூன்று பேரிடம் இருக்கிறது? மழை இறங்குவதற்குள் போய்க் கேட்டு, ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.